எழுத்துக்கூட்டிப் படித்த எட்டு மாதங்கள்

கிட்டார் வாசிக்கத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் கழிந்த பிறகுதான் ஐந்து கோடுகளில் இசையை எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதுவரை அதன் தேவை எனக்குத் தெரிந்ததே இல்லை. கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) கைவந்திருந்தன; ஒரு பாட்டை நான்கைந்து முறை கேட்டால் காதாலேயே பிடித்துவிடுவேன்; அதற்கும் அகப்படாதவற்றுக்கு டேப் (டேப்லேச்சர்: தந்தியில் அழுத்தும் இடத்தை எண்ணால் காட்டும் குறிப்பு) இருந்தது. ஃப்ளூட் வாசிக்கும் நண்பர் ஒருவர், இருவரும் சேர்ந்து வாசிக்கலாம் என்று ஒரு தாளை என் முன் வைத்து, மூன்று வரை எண்ணிவிட்டு உடனே வாசிக்கத் தொடங்கியபோதுதான் என் நிலைமை எனக்கே புரிந்தது. அவரும் அந்தத் தாளை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். "இதற்கு டேப் இருக்கிறதா?" என்று கேட்டேன். "டேப் என்றால்?" என்று அவர் உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

டேப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 16ஆம் நூற்றாண்டிலேயே ல்யூட் என்ற பழைய தந்தி வாத்தியத்தை வாசித்தவர்கள் அந்த முறையில்தான் எழுதினார்கள், அதில் தாளக் குறிகளும் மேலே இருந்தன. நான் பயன்படுத்திவந்த டேப்புகளிலோ எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட்டை (கழுத்திலுள்ள கட்டத்தை) அழுத்த வேண்டும் என்பது மட்டுமே இருந்தது. எப்போது, எவ்வளவு நேரம் என்பது இல்லை. முன்பே கேட்டுப் பழகிய பாட்டை மட்டுமே அதைக் கொண்டு வாசிக்க முடியும் என்பதைப் பத்து ஆண்டுகளாக நான் கவனிக்கவில்லை.

முதல் வாரத்தில் எல்லோரும் செய்யும் தவற்றையே நானும் செய்தேன். ஒவ்வொரு நோட்டின் (ஸ்வரக் குறியின்) கீழும் பென்சிலால் அதன் பெயரை எழுதினேன். அது போதாதென்று ஃப்ரெட் எண்ணையும் சேர்த்தேன். அதன் பிறகு கண் பென்சில் எழுத்தைத்தான் படித்ததே தவிர, ஐந்து கோடுகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு வழியில் தொடங்கினேன். கிட்டாரின் திறந்த (விரலால் அழுத்தாத) தந்திகளில் மூன்று, அந்த ஐந்து கோடுகளுக்கு உள்ளேயே விழுகின்றன: மூன்றாம் தந்தியான ஜி கீழிருந்து இரண்டாவது கோட்டில், இரண்டாம் தந்தியான பி நடுக்கோட்டில், முதல் தந்தியான ஈ நான்காவது இடைவெளியில். நான்காம் தந்தியான டி, அடிக்கோட்டைத் தொட்டுக்கொண்டு அதன் கீழே தொங்குகிறது. ஐந்தாம் தந்தியின் ஏ, ஐந்து கோடுகளுக்குக் கீழே சேர்த்து வரையும் குட்டையான துணைக்கோடுகளில் இரண்டாவதில். ஆறாம் தந்தியின் ஈ, மூன்று துணைக்கோடுகளுக்கும் அடியில். இந்த ஆறை மட்டும் பார்த்த மாத்திரத்தில் சொல்லப் பழகினேன். மற்றவை எல்லாம் இவற்றிலிருந்து ஓரிரு படி மேலே இருப்பவைதாம். முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்குள் ஷார்ப் (அரை ஸ்வரம் உயர்வு), ஃப்ளாட் (அரை ஸ்வரம் தாழ்வு) இல்லாத நோட்டுகள் மொத்தம் 17. இரண்டு வாரத்தில் அவை பிடிபட்டுவிட்டன. பெயர்களைக் கற்பது இந்த வேலையில் மிக எளிய பகுதி.

கடினமான பகுதி நான் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஒரு பயிற்சிப் பாடலை மூன்றாம் முறை வாசிக்கும்போதே கை அதை மனப்பாடம் செய்துவிடும். கண் தாளில்தான் இருக்கும், ஆனால் படித்துக்கொண்டிருக்காது. நன்றாக முன்னேறுகிறேன் என்று ஒரு மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள், சரளமாக வாசித்துவந்த ஒரு பாடலை முதலிலிருந்து தொடங்காமல் பதினொன்றாவது பாரிலிருந்து (தாளச் சுற்றிலிருந்து) தொடங்கிப் பார்த்தபோது, முதல் நோட்டே எது என்று தெரியாமல் விழித்தேன். காதால் வாசித்துப் பழகியவர்களுக்கு நினைவாற்றல் அதிகம். இங்கே அதுவே இடைஞ்சல்.

அதன் பிறகு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எந்தப் பாடலையும் மூன்று முறைக்கு மேல் வாசிப்பதில்லை, தவறு இருந்தாலும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டும். நாளொன்றுக்கு இருபது நிமிடம், கை சோர்வதற்கு முன்னால், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டு என்று வைத்து, நின்றுவிடாமல். இதற்கு நிறையப் பக்கங்கள் தேவைப்பட்டதால், வயலினும் ஃப்ளூட்டும் கற்பவர்களுக்கான தொடக்கநிலைத் தாள்களையும் எடுத்துக்கொண்டேன். அவையும் கிட்டாருக்குரிய அதே ட்ரெபிள் கிளெஃபில்தான் (எந்தக் கோடு எந்த நோட்டு என்று வரியின் தொடக்கத்தில் காட்டும் குறி) எழுதப்படுகின்றன. பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு நோட்டு என்று ஒற்றை வரியாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் தந்தி, எந்த விரல் என்று கிட்டாருக்கு வழிகாட்டும் குறிப்பு எதுவும் அவற்றில் இருக்காது.

தாளத்தைக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத்தான் கற்றேன். ஒரு பீட்டை (தாளத் தட்டை) இரண்டாகப் பிரித்து எண்ணுவதற்கு நடுவே ஒரு சொல்லைச் செருகச் சொல்வார்கள். பேச்சுத் தமிழில் எண்ணுகிறவருக்கு அது தேவையே இல்லை. ஒன்-னு, ரெண்-டு, மூ-ணு, நா-லு என்று ஒவ்வோர் எண்ணும் தானாகவே இரண்டாக உடைகிறது. புள்ளி வைத்த கால் நோட்டும் (ஒன்றரை பீட்) அதைத் தொடர்ந்து வரும் எட்டில் ஒரு பங்கு நோட்டும் (அரை பீட்) என்னை நீண்ட நாள் அலைக்கழித்தன. முதல் நோட்டை "ஒன்" என்பதில் தட்டி, அடுத்ததை "ரெண்டு" என்பதன் "டு"வில் தட்ட வேண்டும் என்று கண்டுகொண்ட நாளில் அந்தச் சிக்கல் தீர்ந்தது. பார் கோட்டைத் தாண்டி வளைகோட்டால் இணைக்கப்பட்ட நோட்டுகளுக்கு இப்போதும் வாய்க்குள் எண்ணிக்கொள்கிறேன்.

இடையில் ஒரு குழப்பம். பியானோவின் நடு சி, ட்ரெபிள் கிளெஃபில் அடிக்கோட்டுக்குக் கீழே முதல் துணைக்கோட்டில் எழுதப்படும். அதே இடத்தில் எழுதியதை நான் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வாசித்தால், ஒலி ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே கேட்டது. பிழை என்னுடையது என்றே எண்ணினேன். கிட்டாருக்கு எழுதும் வழக்கமே அப்படித்தான். எழுதியதைவிட ஓர் ஆக்டேவ் தாழ்வாக ஒலிக்கும். சில தாள்களில் கிளெஃபின் அடியில் ஒரு சிறிய 8 போட்டிருப்பது அதற்காகவே. பியானோவின் நடு சி உண்மையில் கிட்டாரில் இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கிறது.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு கிட்டாரின் கழுத்துத்தான் முழுப் பிரச்சினையாயிற்று. பியானோவில் ஒரு நோட்டுக்கு ஒரே கட்டைதான். நான்காவது இடைவெளியில் இருக்கும் ஈ என்ற ஒரே புள்ளியையோ, கிட்டாரில் முதல் தந்தியைத் திறந்து வாசிக்கலாம். இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டிலும், நான்காம் தந்தியின் 14ஆம் ஃப்ரெட்டிலும் வாசிக்கலாம். தாள் சொல்வது எந்த ஒலி என்பதை மட்டுமே. எங்கே என்பதை முன்னும் பின்னும் வரும் நோட்டுகளைப் பார்த்து நாமே தீர்மானிக்க வேண்டும். சில தாள்களில் வட்டத்துக்குள் தந்தி எண்ணும், பொசிஷனை (கழுத்தில் கை நிற்கும் இடத்தை) குறிக்க ரோமன் எண்ணும் இருக்கும். பல தாள்களில் அவையும் இராது.

நான் ஐந்தாம் பொசிஷனைத் தேர்ந்தெடுத்து, வேறெங்கும் போகாமல் இரண்டு மாதம் அங்கேயே இருந்தேன். ஆள்காட்டி விரல் 5ஆம் ஃப்ரெட்டில். திறந்த தந்தி கூடாது. முதல் பொசிஷனில் கண்ணை மூடிக்கொண்டு வாசித்த ஜி, இப்போது நான்காம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டுக்கு வந்துவிட்டது. ஷார்ப், ஃப்ளாட் இல்லாத சி மேஜர் ஸ்வரவரிசையில் எல்லா நோட்டும் நான்கு விரல்களுக்குள் அடங்கின, நடுக்கோட்டிலிருக்கும் பி ஒன்றைத் தவிர. அதற்கு மட்டும் ஆள்காட்டி விரலை மூன்றாம் தந்தியில் ஒரு ஃப்ரெட் பின்னால் நீட்ட வேண்டும். மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் இடையிலான ஒலித் தூரம் மற்ற தந்திகளைவிட அரை ஸ்வரம் (ஒரு ஃப்ரெட்) குறைவு என்பதை ஏட்டளவில் நான் அறிந்திருந்தேன்; அதன் பொருளை என் விரல் அறிந்தது அந்த பி நோட்டில்தான்.

ஆறாம் மாதத்தில் ஃபெர்னாண்டோ சோர் (1778–1839) எழுதிய எளிய பயிற்சிகளில் ஒன்றை எடுத்தேன். மூன்று பீட் கொண்ட பார். கீழே ஒரு பேஸ் (தாழ்ந்த ஒலி) நோட்டு, தண்டு கீழ்நோக்கி, புள்ளி வைத்த அரை நோட்டாக. மேலே மெல்லிசை, தண்டுகள் மேல்நோக்கி. அந்தப் பேஸ் நோட்டு மூன்று பீட்டும் ஒலிக்க வேண்டும், ஆகவே அதை அழுத்திய விரலை எடுக்கவே கூடாது. இதே போன்ற பல பாடல்களை டேப்பில் வாசித்திருக்கிறேன். தட்டிய உடனே விரலை எடுத்துவிடுவேன், ஏனெனில் எடுக்காதே என்று டேப் சொன்னதில்லை. பேஸ் எப்போதும் வெட்டுப்பட்டே ஒலித்ததற்கு என் கிட்டாரைத்தான் குறை சொல்லிவந்தேன். தந்தியைக்கூட மாற்றிப் பார்த்திருக்கிறேன்!

எட்டாம் மாதம் அதே நண்பருடன் மீண்டும் உட்கார்ந்தேன். அவர் புதிய தாள் ஒன்றை வைத்தார். ஜி மேஜர், அதாவது எஃப் எல்லாவற்றையும் எஃப் ஷார்ப்பாக வாசிக்க வேண்டும்; முதல் வரியிலேயே இரண்டு இடங்களில் எஃப் ஷார்ப்பை எஃப் என்று வாசித்தேன், காது பதறியது. இரண்டாம் பக்கத்தில் ஒரு பாரில் முற்றிலும் வழிதவறினேன், ஆனால் நிறுத்தவில்லை. கண்ணை மட்டும் தாளில் ஓடவிட்டு, அடுத்த வரியின் தொடக்கத்தில் பிடித்துக்கொண்டேன். வாசித்து முடித்ததும் அவர் எதுவும் சொல்லாமல் அடுத்த தாளை எடுத்தார்.

மூன்று நோட்டுகள் அடுக்கி எழுதிய எளிய கார்டுகளை இப்போது தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரு சொல்லைப் போல ஒரே பார்வையில் பிடித்துவிடுகிறேன். மேலே மூன்று, நான்கு துணைக்கோடுகள் ஏறும் நோட்டுகளை, 12ஆம் ஃப்ரெட்டுக்கு அப்பால் இருப்பவற்றை, இன்னமும் பென்சில் முனையால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணுகிறேன். பெயரை எழுதுவதில்லை.