அடம் என்று நினைத்தேன்

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். எங்களிடம் கீமோ கிடையாது. ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளைக் கோவைக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். மருந்து ஏற்றிக்கொண்டு மலைக்குத் திரும்பியபின் வரும் நாட்கள் எங்கள் பொறுப்பு.

தேயிலைத் தோட்ட லைன் வீட்டுப் பையன் ஒருவன், ஆறு வயது. ஊசி போட்டு வந்த மூன்றாம் நாள் கஞ்சிகூட இறங்கவில்லை. "அடம் பிடிக்கிறான் சிஸ்டர், நீங்க ஒரு அதட்டு போடுங்க" என்றார் அவன் அம்மா. அதட்டினேன். அவன் அழவில்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. அவனுக்குப் போட்ட கீமோ ஊசி வின்கிரிஸ்டின், நரம்பைப் பாதிக்கும் மருந்து. சில பிள்ளைகளுக்குத் தாடை விண்விண்ணென்று வலிக்கும். அதைச் சொல்ல ஆறு வயதில் வார்த்தை ஏது? கோவை டாக்டரைக் கேட்டு வலிக்கு மருந்து கொடுத்தோம். சாயங்காலம் வெதுவெதுப்பான ராகிக் கூழ் அரை டம்ளர் குடித்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதன்பிறகு யார் 'அடம்' என்றாலும் முதலில் மருந்துச் சீட்டைத்தான் பார்ப்பேன். "தூக்கிக்கோ" என்று அழும் பிள்ளைக்குப் பாதம் மேலே எழும்பாமல் படியில் தட்டுகிறதா என்று பார்ப்பேன். அதுவும் வின்கிரிஸ்டின் வேலைதான். மலம் கட்டிக்கொள்வதும் அதனால்தான். அதற்காக வீட்டில் எனிமா வைத்துவிடக் கூடாது. கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்த உடம்பில் சின்னக் கீறல் போதும், கிருமி ஏறிவிடும். ஸ்டீராய்டு நாட்களில் ராத்திரி 2 மணிக்கு ரசம் சோறு கேட்டுக் கத்துவார்கள். அது நிஜமான பசி.

வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருகிறது என்று எங்கோ கேட்டுவிட்டு, இலையைக் கஷாயம் வைக்கலாமா என்று ஓர் உறவினர் வந்தார். அன்று நான் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். அந்தச் செடி நஞ்சு. ஊசியில் அளந்து ஏற்றுவது வேறு, அடுப்பில் கொதிக்க வைப்பது வேறு.

எனக்குப் பெரிய பயம் காய்ச்சல். மார்கழிப் பனியில் உள்ளே கொதித்தாலும் கைகால் ஜில்லென்று இருக்கும். தொட்டுப் பார்த்து ஏமாந்துபோவோம். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தெர்மாமீட்டர் கொடுத்து, அக்குளில் வைத்துப் பார்க்கப் பழக்குகிறேன். 100.4 காட்டினால் நேரம் எதுவானாலும் போன் வர வேண்டும். பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மேட்டுப்பாளையம் இறங்கவே 33 கிலோமீட்டர் மலைப்பாதை. அதனால் கோவை டாக்டரைக் கேட்டு, முதல் ஆன்டிபயாட்டிக் ஊசியை இங்கேயே போட்டு அனுப்புகிறோம்.

அந்தப் பையன் இப்போது, நோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் பராமரிப்புச் சிகிச்சையில் இருக்கிறான். தினமும் ஒரு மாத்திரை. மெத்தோட்ரெக்சேட் என்ற இன்னொரு மருந்து மட்டும் வாரம் ஒரு நாள். அது மாறிப்போனால் ஆபத்து என்பதால், காலண்டரில் அந்தக் கிழமைக்கு மட்டும் அவன் அம்மா குங்குமம் வைக்கிறார். போன வாரம் வந்தவன் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து தன் உள்ளங்காலைக் காட்டி, "எறும்பு ஓடுது அக்கா" என்றான். கோவைக்கு எழுதிய சீட்டில் அதை அப்படியே எழுதினேன்.