பேக்கப் யூசருக்கு எதுக்குங்க ரூட்?

சின்ன கம்பெனிங்களோட லினக்ஸ் சர்வர்ல பேக்கப் எப்படி ஓடுதுன்னு பார்த்தா முக்காவாசி இடத்துல ஒரே மாதிரிதான் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு ரூட்டோட (எல்லா அதிகாரமும் இருக்கிற அட்மின் அக்கவுண்ட்) கிரான்ல (நேரம் வெச்சு வேலையை ஓட விடற புரோகிராம்) ஒரு ஸ்கிரிப்ட், அதுக்குள்ளயே டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, அங்க பேக்கப் சர்வருக்குப் போறதும் ரூட்டாவே எஸ்எஸ்ஹெச் (வேற மெஷினுக்குள்ள லாகின் பண்ற வழி), ஆளில்லாம ஓடணும்கிறதால அந்த லாகின் கீக்கு பாஸ்ஃப்ரேஸ் கிடையாது. வேலை நடக்குது, அதனால யாரும் அதைத் தொடறதில்ல. ஆனா அந்த ஒரு மெஷினுக்குள்ள ஒருத்தன் புகுந்துட்டான்னா ஒரிஜினலும் காலி, பேக்கப்பும் காலி.

2014 ஜூன்ல கோட் ஸ்பேசஸ்னு ஒரு கம்பெனி, மத்தவங்க சோர்ஸ் கோடை வெச்சுக் காப்பாத்தறதுதான் தொழிலே, அவங்களுக்கு நடந்தது இதான். அவங்க சர்வர் எல்லாம் இருந்த அமேசான் கிளவுட்டோட கண்ட்ரோல் பேனலுக்குள்ள எவனோ புகுந்து பணம் கேட்டான், இவங்க பாஸ்வேர்டை மாத்தி அவனை வெளிய தள்ளப் பார்த்தாங்க, அவன் முன்னாடியே வேற லாகின் எல்லாம் போட்டு வெச்சிருந்ததால டிஸ்க், ஸ்னாப்ஷாட், பக்கெட்னு வரிசையா அழிக்க ஆரம்பிச்சுட்டான். கம்பெனியையே மூட வேண்டியதாப் போச்சு. அவங்ககிட்ட பேக்கப் இருந்துச்சுங்க. பெரும்பாலானதை அழிக்கிற அதிகாரமும் அதே பேனல்லயே இருந்துச்சு, அவ்ளோதான் விஷயம்.

அதனால பேக்கப் யூசருக்கு பர்மிஷன் குடுக்கும்போது நான் பார்க்கிறது இதைத்தான்: எல்லாத்தையும் படிக்கணும், ஒரே ஒரு இடத்துல கொண்டுபோய் வைக்கணும், வெச்சதை அழிக்க முடியக்கூடாது.

ரூட் வேணாம்னு தனி யூசர் போடறவங்களும் அடுத்த ஸ்டெப்ல சூடோல (ஒரு கமாண்டை ரூட் அதிகாரத்தோட ஓட விடற டூல்) கோட்டை விட்டுடறாங்க. சூடோவோட ரூல் ஃபைலான சூடோயர்ஸ்ல 'பேக்கப் யூசருக்கு பாஸ்வேர்டு இல்லாம ஆர்சிங்க்'னு (ஃபைல் காப்பி பண்ற டூல்) ஒரு வரி, பார்க்க ரொம்ப சாதுவா இருக்கும். ஆனா சோர்ஸையும் டெஸ்டினேஷனையும் மாத்திப் போட்டா அதே ஆர்சிங்க் ரூட் பவரோட, பாஸ்வேர்டு ஹாஷ் எல்லாம் இருக்கிற ஷேடோ ஃபைல் மேலயே எழுதும், அது போதாதுன்னு ஹைஃபன் இ ஆப்ஷன்ல எந்த கமாண்டை வேணா ஓட வைக்கலாம், ஷெல் உட்பட. ஃபைல்களை ஒண்ணா கட்டற டார்லயும் செக்பாயின்ட் ஆக்‌ஷன்னு ஒரு ஆப்ஷன் இதே வேலையைப் பண்ணும். ஆர்க்யூமென்ட்ல ஸ்டார் போட்டு கட்டுப்படுத்திட்டோம்னு நினைக்காதீங்க, சூடோயர்ஸ்ல ஆர்க்யூமென்ட் பக்கம் வர்ற ஸ்டார் ஸ்பேஸையும் சேர்த்துதான் மேட்ச் பண்ணும், அந்த இடத்துல இன்னும் நாலு ஆப்ஷனை நுழைச்சுடலாம். சூடோதான் வேணும்னா ஆர்க்யூமென்டே வாங்காத ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அதுக்கு மட்டும் குடுங்க, அந்த ஸ்கிரிப்டும் அது இருக்கிற ஃபோல்டரும் ரூட்டுக்குச் சொந்தமா இருக்கணும். இதை எத்தனை பேர் விட்டுடறாங்கன்னு பார்த்தா வயித்தைக் கலக்கும், பேக்கப் யூசரோட ஹோம் ஃபோல்டர்லயே ஸ்கிரிப்ட் இருக்கும், அவன் அதை எடிட் பண்ணிட்டு சூடோ போட்டா முடிஞ்சுது கதை. அப்புறம் சூடோயர்ஸை எடிட் பண்றது எப்பவும் விசூடோலதான் (தப்பு இருக்கான்னு பார்த்துட்டு சேவ் பண்ற கமாண்ட்), ஃபைல்ல ஒரு எழுத்து தப்பினா சூடோவே வேலை செய்யாமப் போகலாம்.

எனக்குப் பிடிச்ச வழி சூடோவே இல்லாம பண்றது. லினக்ஸ் கெர்னல்ல ரூட்டோட அதிகாரத்தைத் துண்டு துண்டா பிரிச்சு கேப்பபிளிட்டின்னு வெச்சிருக்காங்க, அதுல கேப் டேக் ரீட் சர்ச்னு ஒண்ணு இருக்கு, அதைக் குடுத்தா எந்த ஃபைலையும் படிக்கலாம், எந்த ஃபோல்டருக்குள்ளயும் போகலாம், எழுதற அதிகாரம் மட்டும் கூட வராது. பேக்கப்புக்குன்னே அளவெடுத்து தெச்ச மாதிரி இருக்கும். லினக்ஸ்ல சர்வீஸ்களை ஓட்டற சிஸ்டம்டியோட சர்வீஸ் ஃபைல்ல யூசர் பேரைப் போட்டு ஆம்பியன்ட் கேப்பபிளிட்டிஸ் வரில இதைக் குடுத்து டைமர்ல ஓட விட்டா போதும், ரெஸ்டிக் மாதிரி பேக்கப் டூல் எல்லாம் இதுல அழகா ஓடும். ஆனா ஒண்ணு, எல்லாத்தையும் படிக்கறதுன்னா ஷேடோ ஃபைலும் எஸ்எஸ்ஹெச் பிரைவேட் கீயும் சேர்த்துதான், அதனால இந்த அக்கவுண்ட்டை சாதாரண அக்கவுண்ட்டா நினைக்காதீங்க. விண்டோஸ்லயும் பேக்கப் ஆபரேட்டர்ஸ் குரூப்புக்கு எல்லாத்தையும் படிக்கிற இந்த பவர் இருக்கு, ரீஸ்டோர் பண்றதுக்காக எழுதற பவரும் கூடவே வரும், டொமைன் கண்ட்ரோலர்ல (கம்பெனியோட லாகின் எல்லாம் பார்த்துக்கிற சர்வர்) அந்த குரூப்ல இருக்கிறவர் ஆக்டிவ் டைரக்டரி டேட்டாபேஸையே காப்பி எடுத்துட்டுப் போயிடலாம்.

டேட்டாபேஸ் பக்கம் ஈஸி, ஆனா அங்கயும் சோம்பேறித்தனமா ஆல் பிரிவிலேஜஸ் குடுத்துடறாங்க. மைஎஸ்க்யூஎல் டம்ப்புக்கு (டேட்டாபேஸை ஃபைலா எடுக்கறது) சிங்கிள் டிரான்சாக்‌ஷன் ஆப்ஷனோட ஓட்டினா செலக்ட், ஷோ வியூ, டிரிகர் இருந்தா பெரும்பாலும் போதும், ஈவென்ட்டும் எடுக்கணும்னா ஈவென்ட். 8.0.21ல இருந்து பிராசஸ் பிரிவிலேஜ் கேட்டு எரர் அடிக்கும், அதுக்குப் பயந்து எல்லாத்தையும் அள்ளிக் குடுக்காம நோ டேபிள்ஸ்பேசஸ்னு ஒரு ஆப்ஷன் சேருங்க, நின்னுடும். போஸ்ட்கிரெஸ் 14ல இருந்து எல்லா டேட்டாவையும் படிக்கறதுக்குன்னே ரெடிமேட் ரோல் வந்துடுச்சு. பாஸ்வேர்டை கமாண்ட் லைன்ல மட்டும் எழுதாதீங்க, 600 பர்மிஷன் (ஓனர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) போட்ட தனி ஃபைல்ல இருக்கட்டும்.

கடைசியா பேக்கப் போய்ச் சேர்ற இடம், கோட் ஸ்பேசஸ் விழுந்த இடம். அந்த சர்வர்ல எந்தெந்த கீயோட உள்ள வரலாம்னு சொல்ற ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல்ல கீக்கு முன்னாடி ரெஸ்டிரிக்ட்னு ஒரு வார்த்தை சேர்த்தா போர்ட் ஃபார்வர்டிங், டெர்மினல் எல்லாம் அடைபட்டுடும், ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.2ல இருந்து இருக்கு. கூடவே கமாண்ட்னு போட்டு ஒரே ஒரு புரோகிராமை மட்டும் ஓட விடலாம், போர்க் 1ன்ற பேக்கப் டூலை யூஸ் பண்ணா போர்க் சர்வ், அப்பெண்ட் ஒன்லி (சேர்க்க மட்டும்) ஆப்ஷனோட. அமேசானோட ஸ்டோரேஜான எஸ்3ன்னா ஆப்ஜெக்ட் லாக்கை கம்ப்ளையன்ஸ் மோட்ல போட்டா நீங்க வெச்ச தேதி வரைக்கும் அந்த அக்கவுண்ட்டோட ரூட் யூசரே வந்தாலும் அந்த வெர்ஷனை அழிக்க முடியாது. பழைய பேக்கப்பை கழிச்சுக் கட்டற வேலையை வேற கீ, வேற மெஷின்ல இருந்து பண்ணுங்க.

செட்டப் பண்ணி முடிச்சதும் அந்த யூசராவே உள்ள போயி ஷேடோ ஃபைல் மேல எழுதிப் பாருங்க, டெஸ்ட்டுக்குன்னு வெச்ச ஒரு பேக்கப்பை அழிச்சுப் பாருங்க, ரூட்ல இருந்து சூடோ ஹைஃபன் எல், கேப்பிட்டல் யூ போட்டு அவனுக்கு என்னென்ன அனுமதின்னு லிஸ்ட் எடுங்க. ஷேடோ ஃபைல்ல எழுதறப்போ பர்மிஷன் டினைடு வரணும், அழிச்சுப் பார்த்த பேக்கப்பு நிஜமா போகாம திரும்ப எடுக்க முடியணும், அப்படி இல்லேன்னா அன்னைக்கு ராத்திரி டைமரை ஆன் பண்ணாதீங்க.