அத்தை எழுதிய கயம்

குறுக்கெழுத்துப் போட்டு முடித்த பிறகு, சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள அடுத்த இதழ் வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தால் அந்தப் புதிர் சரியில்லை. இது என் கட்சி. விடை கிடைத்த கணத்திலேயே குறிப்பு நம்மைப் பார்த்து ஆமாம் என்று தலையாட்ட வேண்டும்.

உதாரணத்துக்கு ஒன்று: "பயணம் தடுமாறினால் சூதாட்டத்தில் வைக்கலாம் (4)." முதலில் பெட்டி, டிக்கெட், தவறிய ரயில் என்று மனம் எங்கெங்கோ போகும். பயணத்தைப் பயணமாகப் பார்க்காமல் ப, ய, ண, ம் என்று நான்கு எழுத்தாகப் பார்த்தால் போதும், நடுவில் இரண்டு இடம் மாறி 'பணயம்' என்று நிற்கும். சூதாட்டத்தில் வைப்பதும் அதைத்தான். இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டது, இனி யாரிடமும் கேட்க வேண்டாம். அஃப்ரிட் என்ற புனைபெயரில் ஆங்கிலப் புதிர்கள் அமைத்த ரிச்சி என்பவர் 1949-லேயே இதற்கு ஒரு விதி சொல்லி வைத்தார். புதிர் போடுகிறவர் சொல்வதை அப்படியே நினைக்கத் தேவையில்லை, ஆனால் நினைப்பதைச் சொல்லியாக வேண்டும் என்பது அதன் சாரம். ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர் 'யானை (3)' வகையறா. வேழமா, களிறா, பகடா, தும்பியா? நிகண்டைப் பிரித்தால் வரிசையாக வந்து நிற்கும். எதை எழுதினாலும் தப்பில்லை, எதை எழுதினாலும் நிம்மதியும் இல்லை. இப்படிப்பட்ட சொல்லை, கேள்விப்பட்டிராத ஒரு பெயர் குறுக்கே வெட்டினால் கதை முடிந்தது. அந்த ஒரு கட்டத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் உதவி வராது. அமெரிக்காவில் இந்த நிலைமைக்கு 'நேட்டிக்' என்று பெயரே உண்டு. மாசசூசெட்ஸில் உள்ள ஒரு சின்ன ஊர் அது. 2008-ல் ஒரு புதிரில் அந்த ஊர்ப் பெயரும் ஓர் ஓவியரின் பெயரும் முதல் எழுத்தில் வெட்டிக்கொண்டு பலரைத் திணற வைத்ததில் வந்த பெயர்.

இந்த வியாதி புதிரோடு கூடவே பிறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிர் வைர வடிவில் இருந்தது. அதில் புறா என்று பொருள்படும் ஒரே சொல் இரண்டு இடங்களில் விடையாக வரும், ஒரு முறை 'பறவை', இன்னொரு முறை 'புறா' என்ற குறிப்போடு. கோமுட்டி என்கிற பனை வகையின் நாருக்கு மூன்றெழுத்தில் என்ன பெயர் என்றும் ஒரு கேள்வி. யாருக்குத் தெரியும்? கட்டத்தை நிரப்ப அவருக்கு அந்த மூன்றெழுத்து தேவைப்பட்டிருக்கிறது, பழியைப் பனை மேல் போட்டுவிட்டார்.

நானும் அப்படிப் பழி போட்டிருக்கிறேன். போன வருஷம் அத்தைக்காக ஏழுக்கு ஏழு கட்டத்தில் ஒரு புதிர் செய்தேன். அத்தை முப்பது வருஷமாகக் குறுக்கெழுத்துப் போடுகிறவர். பென்சில் கிடையாது, நேரே பேனாதான்.

செய்ய உட்கார்ந்தபோதுதான் தமிழில் இது எவ்வளவு வம்பு பிடித்த வேலை என்று புரிந்தது. ஆங்கிலக்காரருக்கு ஒரு கட்டத்தில் 26-ல் ஒன்று. நமக்கு 247-ல் ஒன்று. விடுவிக்கிறவருக்கு இது வசதிதான். மூன்றெழுத்துச் சொல்லில் நடுவில் 'ழு' கிடைத்தால் கழுதை, கழுகு, விழுது, பழுது, முழுமை என்று ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். (கடைசியில் 'ம்' கிடைத்தால் மட்டும் ஒன்றுமே கிடைக்காதது மாதிரி.) அமைக்கிறவர் பாடுதான் திண்டாட்டம். வலது மேல் மூலையில் குறுக்குச் சொல்லின் கடைசி எழுத்தே கீழிறங்கும் சொல்லின் முதல் எழுத்து. தமிழ்ச் சொற்களில் பாதி 'ம்' என்று முடிகின்றன, ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. லை, ளை, டு, று எல்லாமும் அப்படியே. மூன்று ராத்திரி அந்த ஒரு மூலையில் முட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் குறுக்கே 'பொறுமை', அதன் மையிலிருந்து கீழே 'மைத்துனர்' என்று வந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

பத்திரிகைப் புதிர்களில் 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்', 'கலைந்திருக்கிறது' என்றெல்லாம் வருவது ஏன் என்றும் அப்போதுதான் விளங்கியது. மூலை மடங்கவில்லை, சொல்லைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தவன், இடது கீழ் மூலையில் நானும் ஒரு சொல்லைத் தலைகீழாக நிறுத்தினேன். திருப்புவதே தப்பில்லை. "குலவி வந்த வழியே திரும்பினால் ஒதுங்கிப் போ (3)" என்றும் ஒரு குறிப்பு கொடுத்திருந்தேன். குலவி திரும்பினால் விலகு. அங்கே திருப்பம்தான் விளையாட்டு. மூலையில் நான் செய்தது கையாலாகாத்தனம்.

சரி, புதிரைக் கொடுத்தேன். அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். 'விலகு' உடனே விழுந்தது. 'பணயம்' வந்தபோது "ம்" என்று ஒரு சத்தம், அது பாராட்டு. "மக்கள் வன்முறைக்குள் ஒளிந்திருக்கும் திருடன் (4)" என்ற இடத்தில் நின்றுவிட்டார். கொள்ளையன் என்று எண்ணிப் பார்த்தார், ஐந்து எழுத்து. பேனாவை மூடிவிட்டுத் துணி மடிக்கப் போனார். அரை மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "அடப்பாவி, கண்ணுக்கு நேரா கள்வன் உக்காந்திருக்கானே!" மக்கள் என்பதிலிருந்து கடைசி இரண்டு எழுத்து, வன்முறையிலிருந்து முதல் இரண்டு. அந்தக் குரலுக்காகத்தான் மூன்று ராத்திரி.

பிறகு எட்டாம் எண்ணுக்கு வந்தார். 'யானை (3)' என்று ஒற்றைச் சொல் குறிப்பு. நேரமாகிவிட்டது, குறிப்பு யோசிக்கச் சோம்பல், ஒத்துக்கொள்கிறேன். நான் நினைத்தது களிறு. அதில் முதல் எழுத்தை மட்டும்தான் வேறொரு சொல் வெட்டியது. மற்ற இரண்டு கட்டங்களுக்கு மேலும் கீழும் கறுப்பு. அத்தை பேனாவால் அழுத்தமாக 'கயம்' என்று எழுதினார்.

"அத்தை, அது களிறு."

"கயம் யானை இல்லையா?"

"யானைதான்."

"மூணு எழுத்து இல்லையா?"

"மூணுதான்."

"அப்புறம் என்னடா?"

பதில் இல்லை. கயத்தை மறுக்க என் புதிரில் ஓர் எழுத்துகூட இல்லை. தாளை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "இதுக்கு மார்க் போட்டுடு" என்று போய்விட்டார். போட்டேன்.

அதன் பிறகு அத்தையே குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார். போனில் ஒவ்வொன்றாக அனுப்புவார். "கவிதையின் தலையைக் கிள்ளினால் முளைக்கும் (2)" என்று ஒன்று. "தலை போன குதிரையைக் கடலில் பார்க்கலாம் (2)" என்று இன்னொன்று. தலையை எடுப்பதில் அவருக்குத் தனி ஆர்வம். திரை என்றால் அலை என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது.

நேற்று இரவு வந்தது இது: "கொடு மான், முகத்துக்கு உவமை (3)." கொடும் பசி, கொடும் வெயில் மாதிரி ஏதோ கொடிய மான் என்று எடுத்துக்கொண்டு, முகத்தைச் சந்திரனோடு சேர்த்து, நிலவில் மான் தெரிவது பற்றியெல்லாம் யோசித்து வீணாய்ப் போனேன். காலையில் வேறு வழி இல்லாமல், நான் இவ்வளவு நேரம் திட்டிய அதே நிகண்டு வேலையில் இறங்கினேன். மானுக்கு வேறு பெயர்களைத் தாளில் எழுதினேன். கலை, பிணை, உழை, நவ்வி, இரலை. ஆறாவதாக 'மரை' என்று எழுதியதும் பேனா நின்றது.