யார் சார்பில்?

உயர்தர வகுப்பில் எங்களுக்கு வரலாறு படிப்பித்த ஆசிரியர், விடைத்தாளில் ‘உடன்படிக்கை கைச்சாத்தானது’ என்று எவன் எழுதியிருந்தாலும், ஓரத்தில் சிவப்பு மையால் ‘யார் சார்பில்?’ என்று இரண்டே சொற்கள் எழுதித் திருப்பித் தருவார். அமெரிக்கச் சுதந்திரப் போர் பற்றிய என் கட்டுரையில் ‘இரோகுவா மக்கள் ஆங்கிலேயருடன் சேர்ந்தனர்’ என்ற ஒற்றை வரிக்கும் அதே கேள்வி விழுந்தது. புள்ளி குறைந்ததே என்பதுதான் அன்று என் கவலை. கனடாவுக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து, பிரான்ட்போர்ட்டில் 1785இல் கட்டப்பட்ட மோஹாக் தேவாலயத்தைப் பார்க்கப் போன பிறகே அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன்.

இரோகுவா என்பது வட அமெரிக்கப் பழங்குடிக் கூட்டமைப்பு ஒன்றுக்குப் பிரெஞ்சுக்காரர் வாயிலாக நிலைத்த பெயர். அவர்கள் தங்களை ஹோடனஷோனி, அதாவது நெடுவீட்டு மக்கள், என்றே சொல்வார்கள். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெக்கா என்ற ஐந்து இனத்தாரின் கூட்டமைப்பில் 1722 அளவில் டஸ்கரோராவும் சேர்ந்தது. சபையில் ஐம்பது தலைவர் பதவிகள். அவற்றுக்கு ஆளைத் தெரிவதும், தவறினால் விலக்குவதும் குலத்தாய்மாரின் உரிமை. பேசிப் பேசி ஒருமனப்படுவதே அவர்களுடைய வழக்கம். ஒருவர் ஆணையிட மற்றவர் பணியும் முறை அங்கே இல்லை. இப்படிப்பட்ட சபையிடம் ஆங்கிலேயர் தேடியது ஓர் அரசனை.

1664இல் ஒல்லாந்தரிடமிருந்து நியூயோர்க்கைப் பறித்தவர்கள், ஒல்லாந்தர் பேணிவந்த உறவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். 1677இல் ஆளுநர் எட்மண்ட் அன்ட்ரோஸ் காலத்தில், நியூயோர்க்கின் அல்பனி நகரில் நடந்த பேச்சுகளில் அது ‘உடன்படிக்கைச் சங்கிலி’ ஆயிற்று. ஒனொண்டாகா பேச்சாளர் கனசடேகோ 1744இல் லங்காஸ்டரில் இதன் கதையைச் சொன்னார்: ஒல்லாந்தரின் கப்பலை முதலில் கரைப் புதர்களிலும், பிறகு மரங்களிலும், பிறகு பாறையிலும், கடைசியில் ஒனொண்டாகா நாட்டுப் பெருமலையிலும் கயிற்றால் கட்டினோம், பின்னர் வந்த ஆங்கிலேயர் கயிறு அறுந்துபோகும் என்று வெள்ளிச் சங்கிலி தந்தார்கள். வெள்ளி துருப்பிடிக்காது, ஆனால் கறுக்கும். நாம் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல அதை அடிக்கடி துலக்க வேண்டும். அதனால்தான் அல்பனிக் கூட்டங்கள் திரும்பத் திரும்ப நடந்தன. அங்கே பேச்சு உடனே தொடங்கிவிடாது. வந்தவரின் கண்ணீரைத் துடைத்து, காதின் அடைப்பை நீக்கி, தொண்டையைச் சீராக்குவதாகச் சொல்லி மூன்று சிப்பிமணிச் சரங்களைக் கொடுத்த பிறகே முதல் சொல். வெள்ளையும் ஊதாவுமான அந்த மணிகளைக் கோத்த கச்சை கைமாறாமல் சொன்ன சொல்லுக்குப் பெறுமதி இல்லை. ஆங்கில ஆளுநர்களும் இந்த முறையைக் கற்றுக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

கற்றுக்கொள்ளாதது ஆசிரியர் கேட்ட அந்தக் கேள்வியைத்தான். 1710இல் அல்பனியைச் சேர்ந்த பீட்டர் ஸ்கைலர் நான்கு பேரை இலண்டனுக்கு அழைத்துப்போய் ஆன் மகாராணியின் முன் நிறுத்தினார். மூவர் மோஹாக், ஒருவர் கூட்டமைப்பையே சேராத மஹிக்கன். இலண்டன் நால்வரையும் ‘இந்திய அரசர்கள்’ என்று கொண்டாடியது.

மறுபக்கமும் சுத்தமில்லை. 1742இல் பிலடெல்பியாவில் இதே கனசடேகோ, மோசடியாய் எடுக்கப்பட்ட நிலத்தைப் பற்றி முறையிட்ட டெலவேர் என்ற வேறொரு பழங்குடி மக்களை, நிலம் விற்க உங்களுக்கு உரிமையே கிடையாது என்று ஆங்கிலேயர் கண்முன்னே அதட்டி வெளியேற்றினார். ஆங்கிலேயருக்கு அது வசதியாக இருந்தது, ஏனெனில் பலரிடம் கேட்பதைவிட ஒருவரிடம் வாங்குவது எளிது. 1768இல் ஸ்ரான்விக்ஸ் கோட்டையில், பழங்குடி மக்களுடனான உறவுகளுக்குப் பொறுப்பான ஆங்கில அதிகாரி வில்லியம் ஜோன்சன் கூட்டிய பேச்சிலும் அதே கதைதான்; கூட்டமைப்பில் இல்லாத ஷோனி மக்கள் வேட்டையாடிவந்த ஒஹாயோ ஆற்றின் தென்கரையை 10,000 பவுணுக்கும் மேலான பணத்துக்கும் பொருளுக்கும் எழுதிக்கொடுத்தவர்கள் ஆறு இனத்தாரே.

மோஹாக் தலைவர் ஹென்ட்ரிக்கை மட்டும் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. நில மோசடிகளால் சினந்து, 1753இல் நியூயோர்க் ஆளுநர் கிளின்டனின் முகத்துக்கு நேரே சங்கிலி அறுந்தது என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். இலண்டன் பதறியது, அடுத்த ஆண்டே அல்பனியில் ஆங்கிலக் குடியேற்றங்களின் மாநாடு கூடியது. அங்கே அவர் ஒரு தடியை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் எறிந்து, எங்களையும் இப்படித்தான் எறிந்தீர்கள் என்றார். பிரெஞ்சுக்காரர் எங்கும் கோட்டை கட்டுகிறார்கள், நீங்களோ திறந்து கிடக்கிறீர்கள் என்றும் கடிந்தார். அதே மாநாட்டு நாட்களில், மறைவில், சில தலைவர்களைத் தனித்தனியே பிடித்துக் கனெக்டிகட்காரர்களுக்காக இன்றைய பென்சில்வேனியாவிலுள்ள வயோமிங் பள்ளத்தாக்கு நிலத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார் ஜோன் லிடியஸ் என்ற வணிகர். சங்கிலியைத் துலக்கிய இடத்திலேயே இதுவும் நடந்தது. ஆனாலும் 1755இல் ஜோர்ஜ் ஏரிப் போரில் ஹென்ட்ரிக் ஆங்கிலேயர் பக்கம் நின்றே உயிர்விட்டார்.

என் கட்டுரை வரியும் தவறுதான். 1777இல் ஒனொண்டாகாவின் சபை நெருப்பு அணைக்கப்பட்டது, அதாவது பொதுச்சபை கூடுவது நின்றது; ஒனைடாக்களிலும் டஸ்கரோராக்களிலும் பெரும்பாலோர் அமெரிக்கர் பக்கம் போனார்கள், மோஹாக் தலைவர் ஜோசப் பிரான்டும் மற்றவர்களும் மன்னருக்காகப் போரிட்டார்கள். 1783 பாரிஸ் உடன்படிக்கையில் இவர்கள் எவரைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை. மன்னர் அவர்களுடைய நாட்டை அவர்களைக் கேளாமலே கொடுத்துவிட்டார். அதற்கு ஈடாக 1784இல் கியூபெக் ஆளுநர் ஹல்டிமண்ட், பிரான்ட்போர்ட் வழியே ஓடும் கிராண்ட் ஆற்றின் இரு கரைகளிலும் ஆறு மைல் அகல நிலத்தை ஒதுக்கினார். இன்று அதில் அவர்கள் கையில் இருப்பது இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

ஆன் மகாராணி தம் மோஹாக் ஆலயத்துக்கென அனுப்பிய வெள்ளிப் பாத்திரங்களைப் போர்க்காலத்தில் மோஹாக் மக்கள் மண்ணில் புதைத்துக் காத்து, பின்னர் கிராண்ட் ஆற்றுக்கும், கனடாவில் அவர்களுடைய மற்றொரு குடியிருப்பான ரையண்டினாகாவுக்குமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். 2010இல் எலிசபெத் மகாராணி ரொறன்ரோவுக்கு வந்தபோது அந்த இரு ஆலயங்களுக்கும் வெள்ளிக் கைமணிகள் கொடுத்தார். மணிகளில் ‘நட்பின் வெள்ளிச் சங்கிலி, 1710–2010’ என்று பொறித்திருக்கிறது. 1710 என்பது அந்த நான்கு ‘அரசர்கள்’ இலண்டன் போன ஆண்டு.