மேட்டூர் வண்டல் எங்கள் காட்டுக்கு வந்த கதை

2017 கோடையில் மேட்டூர் அணை வற்றி, பண்ணவாடியில் நந்தி சிலை முழுதாக வெளியே தெரிந்தது. 1934-இல் கட்டி முடித்த அணையை 83 ஆண்டுகளில் முதன்முறையாகத் தூர்வாரப் போகிறார்கள், வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் கடலைக் காடு செம்மண். எவ்வளவு பாய்ச்சினாலும் ஈரம் தங்காது. விடுவேனா?

ஏக்கருக்கு நஞ்சை என்றால் 75 கன மீட்டர், புஞ்சை என்றால் 90. டிராக்டர் கணக்கில் புஞ்சைக்கு 30 நடை. மண்தான் இலவசம், பொக்லைன் வாடகையும் நடைக்கூலியும் நம் தலையில். சிட்டா, அடங்கல் எல்லாம் கையில் இருந்தன. கிராம நிர்வாக அலுவலரின் சான்றில்தான் இழுத்தது. எங்களுடையது கூட்டுப் பட்டா. "உங்கள் பங்கு இவ்வளவு என்று எதை வைத்து எழுதுவது?" என்றார். நியாயமான கேள்விதான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் தம்பி வந்து கையெழுத்துப் போட்ட பிறகே மனு தாலுகா அலுவலகத்துக்கு நகர்ந்தது.

பொறியாளர்கள் அடையாளம் காட்டிய இடத்தில்தான் அள்ள வேண்டும். மேலே பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, மிதித்தால் கல். பொக்லைன் ஒரு முழம் தோண்டியதும் உள்ளே கருங்களி. "மேல்தோலை நம்பாதீர்கள் அண்ணா, டிரெய்லர் புதைந்தால் இன்னொரு வண்டி வைத்துத்தான் இழுக்க வேண்டும்" என்று டிராக்டர்க்காரத் தம்பி கரையோரமாகவே நிறுத்திக்கொண்டார். மண்ணோடு கிளிஞ்சலும் அறுந்த மீன்வலையும் வந்தன. வலையைப் பொறுக்கி எடுக்காவிட்டால் உழும்போது கொழுவில் சுற்றிக்கொள்ளும். அந்த வேலைக்கே தனியாக ஆள் விட்டேன்.

அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2.83 கோடி கன மீட்டர். ஏக்கருக்கு 90 வீதம் அள்ளினால், ஒரு டி.எம்.சி. இடத்தை மீட்கவே மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல் புஞ்சை வேண்டும். ஆகவே, இதனால் அணை ஆழமாகிவிடும் என்று யார் சொன்னாலும் நான் நம்புவதாக இல்லை. எங்கள் காடு தேறியது, அது நிச்சயம். மழைக்குப் பின் கலந்து உழுத இடத்தில் கடலை வாடாமல் நின்றது.

2024 முதல் தாசில்தாரே அனுமதி தருகிறார், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கூட்டுப் பட்டா வைத்திருப்பவர்கள் அணை வற்றும்வரை காத்திருக்காமல் இப்போதே உட்பிரிவு செய்துகொள்ளுங்கள். கர்நாடகத்தில் மழை பிடித்துவிட்டால், கையில் அனுமதிச் சீட்டு இருந்தும் அள்ள மண் இருக்காது.