ஏழாம் கேள்வி

சில மாதங்களுக்கு முன், இடைபாலினரின் மருத்துவ அனுபவங்களைப் பற்றிய ஓர் ஆய்வுக்கான வினாத்தாளைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. ஆண் உடல், பெண் உடல் என்று வகுத்து வைத்திருக்கும் இலக்கணத்துக்குள் முழுமையாக அடங்காத குரோமோசோம்களோடோ, ஹார்மோன் அமைப்போடோ, பாலுறுப்புகளோடோ பிறப்பவர்களையே இடைபாலினர் என்கிறோம்; ஊடுபால் என்ற சொல்லும் வழக்கில் உண்டு. நான் எழுதிய ஏழாம் கேள்வி இப்படி இருந்தது: "உங்கள் பிறவிக் குறைபாடு எந்த வயதில் சரிசெய்யப்பட்டது?" மூலத்தில் இருந்ததை நான் மாற்றவில்லை. ஆய்வுக் குழுவில் இருந்த இடைபாலினர் ஒருவர் "குறைபாடு", "சரிசெய்யப்பட்டது" என்ற இரண்டு சொற்களையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: "என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். யாரைக் கேட்டுச் செய்தார்கள் என்றும் கேளுங்கள்."

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். உரிமைக்கு ஆய்வு எப்படித் துணை நிற்கும் என்பதை எனக்குப் புரிய வைத்தது அந்த இரண்டு வரிதான். ஏனென்றால், இடைபாலினரின் உடலில் கத்தி வைப்பதற்கு நெடுங்காலம் நியாயம் சொன்னதும் ஆய்வு என்ற பெயரில் வந்த ஒன்றுதான்.

1950களிலிருந்து அமெரிக்க உளவியலாளர் ஜான் மணி முன்வைத்த கருத்து, குழந்தையின் பாலின உணர்வு வளர்ப்பினால் உருவாவது, ஆகவே மிகச் சிறு வயதிலேயே உடலை ஏதாவது ஒரு பக்கமாக மாற்றி, அதற்கேற்ப வளர்த்தால் போதும் என்பது. இதற்குப் பெரும் சான்றாகக் காட்டப்பட்டது, சுன்னத்து அறுவையில் ஆணுறுப்பை இழந்து, பின்னர் பெண்ணாக வளர்க்கப்பட்ட ஒரு குழந்தையின் கதை. அக்குழந்தை இடைபாலினரே அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் வளர்ந்தபின் ஆணாகவே வாழ்கிறார் என்பதை மில்டன் டைமண்டும் கீத் சிக்மண்ட்சனும் 1997இல் வெளியிட்டபோது, அந்தச் சான்று சரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதே கருத்தை நம்பி உலகெங்கும் அறுவைக்கு உள்ளான குழந்தைகள் வளர்ந்து எப்படி இருக்கிறார்கள் என்று தொடர்ந்து விசாரித்தவர்கள் மிகக் குறைவு. புகார் எதுவும் வரவில்லை என்பதே திருப்திக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பல குடும்பங்களில் குழந்தைக்கு உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று மருத்துவர்களே அறிவுறுத்திய நிலையில், தனக்கு என்ன நடந்தது என்றே அறியாத ஒருவர் எப்படிப் புகார் கொடுப்பார்?

அமெரிக்காவில் செரில் சேஸ் 1993இல் தொடங்கிய இடைபாலினர் அமைப்பு இந்த மௌனத்தை உடைத்தது. அந்த அமைப்பினர் ஒரு சிறிய அளவுகோலை அச்சிட்டு விநியோகித்தார்கள். பிறந்த குழந்தையின் உறுப்பு 0.9 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெண், 2.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஆண், நடுவில் விழுந்தால் அறுவை என்று அதில் கோடு போட்டிருந்தது. மருத்துவ நூல்களில் சிதறிக் கிடந்த அளவுகளை எடுத்து ஒரே துண்டுக் காகிதத்தில் வைத்துக் காட்டியதுதான் அவர்கள் செய்தது. ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதையும் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி தீர்மானித்தது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தக் கட்டுரையாலும் சொல்லியிருக்க முடியாது.

நல்ல ஆய்வு என்ன செய்யும் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் எடுத்துக்காட்டு ஜெர்மனி. 2006இல் பன்னாட்டு மருத்துவ வல்லுநர்கள் ஒருமித்து வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு, வெறும் தோற்றத்துக்காகச் செய்யும் அறுவைகளில் எச்சரிக்கை தேவை என்பது ஏட்டளவில் ஏற்கப்பட்டுவிட்டது. "அதெல்லாம் பழைய கதை, இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை" என்ற பதிலும் கூடவே வந்தது. உல்ரிகே க்ளோப்பெல் என்ற ஆய்வாளர் 2005 முதல் 2014 வரையிலான மருத்துவமனைப் புள்ளிவிவரங்களை எடுத்துக் கணக்கிட்டு, சிறு குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட இத்தகைய அறுவைகளின் விகிதம் ஏறக்குறைய மாறவேயில்லை என்று 2016இல் காட்டினார். நோய்க்குறிப்பின் பெயர்கள் மாறியிருந்தன, அறுவைகள் குறையவில்லை. 2021இல் அந்நாடு இவற்றைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. புதிதாக எவரையும் நேர்கண்டு, எவருடைய காயத்தையும் கிளறாமல், ஏற்கெனவே இருந்த பதிவேடுகளைச் சரியான கேள்வியோடு திறந்து பார்த்ததுதான் அந்த ஆய்வின் பலம் என்று நினைக்கிறேன்.

மருத்துவத்துக்குள்ளேயே ஆய்வு திருத்திய இடங்களும் உண்டு. ஆண் ஹார்மோன்களான ஆன்ட்ரோஜன்களுக்கு உடல் வினைபுரியாத நிலை, அதாவது முழுமையான ஆன்ட்ரோஜன் உணர்வின்மை, உடையவர்களின் உடலுக்குள் இருக்கும் விரைகளைப் புற்றுநோய் அச்சத்தால் குழந்தைப் பருவத்திலேயே அகற்றுவது வழக்கமாக இருந்தது. பருவமடையும் முன் அந்த அபாயம் மிகக் குறைவு என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியதால், காத்திருக்கலாம், அவரே வளர்ந்து முடிவெடுக்கலாம் என்ற நிலை வந்திருக்கிறது. விரைகள் அகற்றப்பட்டவர்களோ வாழ்நாள் முழுதும் ஹார்மோன் மருந்தை நம்பி, எலும்புத் தேய்மானத்தோடும் போராட வேண்டியிருக்கிறது.

யாரைக் கேட்டுச் செய்தார்கள் என்ற கேள்வி நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 22 ஏப்ரல் 2019 அன்று வழங்கிய தீர்ப்பு சான்று. பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாகக் கொள்ள முடியாது என்ற நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன், இடைபால் குழந்தைகளுக்கு இவ்வகை அறுவைகளைத் தடைசெய்ய உத்தரவிட்டார். உயிருக்கு ஆபத்தான நிலைகளுக்கு மட்டும் விலக்களித்து அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. 2015இல் மால்டா சட்டம் இயற்றிய பிறகு உலகில் வந்த முன்னோடித் தடைகளில் இதுவும் ஒன்று. ஆனால் தடைக்குப் பின் அறுவைகள் குறைந்தனவா என்பதை மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டு ஆண்டுதோறும் கணக்கிட்டு மக்கள் முன் வைக்காவிட்டால், அரசாணை காகிதமாகவே இருந்துவிடும் என்ற கவலை எனக்கு உண்டு. ஜெர்மனியில் நடந்த கணக்கு இங்கேயும் நடக்க வேண்டும்.

தலைக்கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "மற்றவை" என்ற கட்டத்தில் 4,87,803 பேர் பதிவானார்கள். அதில் திருநர் எத்தனை பேர், இடைபாலினர் எத்தனை பேர் என்று பிரிக்க வழியில்லை. கென்யா 2019இல் இடைபால் என்று தனிக் கட்டமே வைத்தது, பாராட்ட வேண்டிய முதல் அடி. ஆனால் கிடைத்த எண் 1,524தான். ஆண் அல்லது பெண் என்றே பதிவு பெற்று, அப்படியே தம்மை உணர்ந்தும் வாழும் இடைபாலினர் பலர் அந்தக் கட்டத்தைத் தொடமாட்டார்கள். உடற்கூற்றை ஒரு கேள்வியாகவும் பாலின அடையாளத்தை வேறொரு கேள்வியாகவும் தனித்தனியே கேட்டால்தான் இது தெளியும். உலக மக்களில் இடைபாலினர் 0.05 விழுக்காடா, 1.7 விழுக்காடா என்ற சர்ச்சையும், எந்தெந்த உடல் வேறுபாடுகளைச் சேர்ப்பது என்ற வரையறைச் சர்ச்சையே தவிர வேறில்லை. ஒரே ஒரு குழந்தைதான் என்றாலும் அதன் உடல் அதற்கே உரியது என்பதால், நான் இந்த எண்ணில் அதிகம் நிற்பதில்லை.

ஏழாம் கேள்வி இப்போது மூன்றாகப் பிரிந்திருக்கிறது. உங்கள் உடலில் என்ன செய்யப்பட்டது? அப்போது உங்களுக்கு என்ன வயது? உங்களிடம் யாராவது கேட்டார்களா? நான்காவதாக ஒன்றையும், சிவப்பு மையால் அடித்த அந்தக் குழு உறுப்பினரே சேர்த்திருக்கிறார்: உங்கள் மருத்துவக் கோப்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முன்னோட்டத்துக்காகக் குழுவிலேயே நிரப்பியபோது, அந்தக் கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று எழுதிய முதல் ஆளும் அவர்தான்.