பச்சைச் சேலைக்காரி

மும்பை அந்தேரியில் ஜன்னல் இல்லாத ஒரு எடிட்டிங் அறையில் ஏழெட்டு வருஷம் வேலை பார்த்தேன். 2000-இல் ஆஸ்தா சேனல் வந்து, பக்திக்கென்றே தனிச் சேனல்கள் பெருகத் தொடங்கிய காலம். பகலில் ஸ்வாமிஜியின் ஹிந்தி கதா, ராத்திரியில் பாஸ்டரின் தமிழ்ப் பிரசங்கம். மெஷின் அதேதான், நாற்காலி அதேதான், கண்ணெரிச்சலும் அதேதான்.

இந்த நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் சேனல் காசு கொடுக்காது. பேசுகிறவர்தான் அரை மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்குவார். அதனால் நொடிக்கு நொடி கணக்கு. பாஸ்டர் கண்ணை மூடியதும் கீழே போன் நம்பரும் வங்கிக் கணக்கு எண்ணும் வந்துவிட வேண்டும். "ஆமென் சொன்னப்புறம் போட்டு என்ன தம்பி பிரயோஜனம்?" என்பார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஊழியத்து அண்ணன். அமெரிக்காவின் டிவி பிரசங்கியார் ஓரல் ராபர்ட்ஸ் 1987-இல், 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கர்த்தர் தன்னை அழைத்துக்கொள்வார் என்றே சொன்னவர். அதற்கு எங்கள் அண்ணன் எவ்வளவோ தேவலை.

ஆனாலும் ராபர்ட்ஸ்மேல் எனக்கு ஒரு தொழில் மரியாதை உண்டு. 1955-லேயே கூடாரக் கூட்டத்துக்குள் கேமராவைக் கொண்டுபோனவர் அவர். கேட்கிறவர்களின் முகம் கிடைக்குமே! எடிட்டருக்கு அந்த முகங்கள்தான் முதல். பேச்சு குழறிய இடத்தை வெட்டினால் படம் துள்ளும். அந்தத் துள்ளலின் மேல் ஒரு ஆடியன்ஸ் ஷாட்டை ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது.

என்னிடம் அப்படி ஒரு பொக்கிஷம் இருந்தது. பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண். முகத்தை மூடாமல், மூக்கைச் சிந்தாமல், கேமராவுக்கென்றே அழுதது போல் அழுவாள். நாகர்கோவில் கூட்டத்து டேப் அது. மதுரைப் பிரசங்கத்திலும் அவள்தான் அழுதாள், கோவையிலும் அவளேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். நான் வெட்டிய நிகழ்ச்சிதான் ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்டர் சொன்னபடி அத்தை டிவிமேல் கை வைத்து ஜெபித்தாள். (இதுவும் ராபர்ட்ஸ் காலத்துப் பழக்கம்தான்.) முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏல, அந்தப் பச்சைச் சேலைக்காரிய பாத்தியா? மூணு வாரமா ஊரு ஊராப் போயி அழுதாளே, பாவம். புருசன் சரியில்லையோ என்னவோ. நானும் ராத்திரி ராத்திரி அவளுக்குன்னு தனியா ஜெபம் பண்ணுதேன்."

"அது வந்து அத்தை..." என்று ஆரம்பித்தவன், டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் நாகர்கோவில் டேப்பை எடுத்து ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டேன். ஊழியத்து அண்ணன் "என்ன தேடுதீங்க?" என்று இரண்டு தரம் கேட்டார். கூட்டம் கலைகிற இடத்தில், தோளில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரிடமோ அவள் சிரித்துப் பேசுவது ஓரமாகத் தெரிந்தது. மொத்தமே மூன்று செகண்ட். அதை ஸ்லோ பண்ணி ஆறாக்கி, அந்த வார நிகழ்ச்சியின் கடைசியில் வைத்தேன்.